குமிழை அடைத்த பிறகும் மூளை ஏன் பாதிக்கப்படுகிறது? லாக் மெக்டொனால்டின் ஆய்வுகள் குறித்து ஒரு கேள்வி

இயற்பியல் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன், என் அம்மாவுக்கு 58 வயதாகும்போது, விடியற்காலையில் பின்னந்தலையில் இடி விழுந்ததுபோல் வலி வந்து மயங்கி விழுந்தார். மூளையின் இரத்தக்குழாயில் இருந்த குமிழ், மருத்துவர்கள் அனியூரிசம் என்று சொல்வது, வெடித்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. மறுநாளே மண்டையைத் திறந்து குமிழின் கழுத்தில் கிளிப் போட்டார்கள். அறுவை நல்லபடியாக முடிந்தது. அம்மா கண் விழித்தார், என்னைப் பெயர் சொல்லி அழைத்தார், காபி வேண்டும் என்று கேட்டார். எட்டாம் நாள் காலையில் பேச்சு குழறத் தொடங்கியது. மாலைக்குள் வலது கையைத் தூக்க முடியவில்லை. இரத்தக்குழாய் சுருங்கிவிட்டது என்று விளக்கினார்கள். அவர் இன்று எங்களோடு இருக்கிறார், நடக்கிறார், ஆனாலும் ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்துத்தான் பேசுகிறார்.

அந்த எட்டாம் நாளைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே கிடைத்ததையெல்லாம் படித்துவருகிறேன். அப்படிப் படிக்கும்போது லாக் மெக்டொனால்ட் என்ற நரம்பு அறுவை மருத்துவரின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அவர் தலைமையில் நடந்த கான்ஷியஸ்-1 என்ற மருந்துச் சோதனையில், மிதமானதோ கடுமையானதோ ஆன இரத்தக்குழாய்ச் சுருக்கம், மருந்துப்போலி (ஒப்பீட்டுக்காகக் கொடுக்கப்படும், மருந்தே இல்லாத ஒன்று) பெற்றவர்களிடம் 66 விழுக்காடாகவும், கிளாசோசென்டன் என்ற மருந்தை அதிக அளவில் பெற்றவர்களிடம் 23 விழுக்காடாகவும் இருந்தது என்று படித்தபோது, இந்த மருந்து என் அம்மாவுக்குக் கிடைத்திருக்கக் கூடாதா என்று அழுதேன். அடுத்த கட்டச் சோதனைகளில் நோயாளிகள் அந்த அளவுக்குத் தேறவில்லை என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

குழாய் சுருங்கியதால்தான் மூளை பாதிக்கப்பட்டது என்றால், குழாயை விரிந்த நிலையில் வைத்த மருந்து மூளையையும் காப்பாற்றியிருக்க வேண்டுமே? அந்தக் காரணச் சங்கிலி எங்கே அறுந்தது? ஒரே கேள்வியைப் பின்தொடர்ந்த இந்த மருத்துவரின் ஆய்வு வாழ்க்கையிலிருந்து, படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு என்ன கிடைத்தது? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நரம்பு அறுவை மருத்துவர்:

அம்மா, உங்கள் கேள்வி எங்கள் துறையே பல ஆண்டுகளாகத் தன்னைக் கேட்டுக்கொள்வது. கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறேன்.

கிளிப் போடுவதும், தொடைத் தமனி வழியாகக் குழாய் செலுத்திப் பிளாட்டினச் சுருளால் குமிழை நிரப்புவதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: குமிழ் மறுபடி வெடிக்காமல் தடுக்கின்றன. முதல் 24 மணி நேரத்தில்தான் மறு இரத்தக்கசிவின் ஆபத்து மிக அதிகம் என்பதால் நாங்கள் விரைகிறோம். ஆனால் முதல் வெடிப்பில் வெளியேறிய இரத்தம் மூளையின் அடிப்பகுதியில், பெரிய தமனிகளைச் சுற்றி, மூளையை மூடியிருக்கும் உறைக்கும் மூளைக்கும் இடைப்பட்ட நீர்வெளியில் கட்டியாக உறைந்து நிற்கிறது. அது மெல்லக் கரையும் நாள்களில்தான் இரண்டாவது ஆபத்து வருகிறது.

வெடிப்புக்குப் பிறகு தமனிகள் சுருங்குவதை ஆஞ்சியோகிராம், அதாவது இரத்தக்குழாய்க்குள் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே, படங்களில் கண்டு எக்கரும் ரீமென்ஷ்னைடரும் 1951இல் எழுதினார்கள். அது எந்த நாளில் வருகிறது என்பதைப் பொறுமையாக அளந்தவர்களில் முதன்மையானவர் கனடாவின் எட்மன்டனில், ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிரைஸ் வியர். 1978இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட கட்டுரையின்படி, சுருக்கம் மூன்றாம் நாளையொட்டித் தொடங்கி, ஆறாம் நாளிலிருந்து எட்டாம் நாளுக்குள் உச்சத்தை அடைந்து, பன்னிரண்டாம் நாளளவில் தணிகிறது. உங்கள் அம்மாவின் எட்டாம் நாள் அந்த வரைகோட்டின் உச்சியில் இருக்கிறது. வலது கையும் பேச்சும் ஒன்றாகப் பாதிக்கப்பட்டன என்று நீங்கள் எழுதியிருப்பதால், இடப்பக்க நடுப்பெருமூளைத் தமனியின் ஆளுகைக்கு உட்பட்ட பகுதிக்கு இரத்தம் குறைந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். படங்களைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாது.

1980இல் மில்லர் ஃபிஷரும் அவருடைய குழுவினரும் 47 நோயாளிகளின் சி.டி. படங்களை ஆராய்ந்து, இரத்தக்கட்டி எங்கே தடிமனாக இருக்கிறதோ அங்கேதான் கடுமையான சுருக்கம் வருகிறது என்று காட்டினார்கள். வியரின் ஆய்வுக்கூடம் இதைக் குரங்குகளில் சோதித்தது. நடுப்பெருமூளைத் தமனியைச் சுற்றி இரத்தக்கட்டியை வைத்தால் சில நாள்களில் தமனி சுருங்கியது. 48 மணி நேரத்துக்குள் கட்டியை அகற்றிவிட்டால் சுருங்கவில்லை. தாமதமாக அகற்றியபோது அந்த அளவுக்குப் பயன் கிடைக்கவில்லை. இந்த முடிவை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

இந்த ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வு மாணவராக வந்தவர்தான் மெக்டொனால்ட். இரத்தத்தில் உள்ள எந்தப் பொருள் தமனியைச் சுருக்குகிறது என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. இரத்தம் சிதையும்போது உண்டாகும் பொருள்களைத் தனித்தனியே குரங்குகளின் தமனியைச் சுற்றிச் செலுத்திப் பார்த்து, முதன்மைக் குற்றவாளி ஆக்சிஜனோடு சேர்ந்த ஹீமோகுளோபினான ஆக்சிஹீமோகுளோபின் என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்தக் கட்டுரையும், ஹீமோகுளோபினின் பங்கைப் பற்றி அவரும் வியரும் எழுதிய விரிவான மதிப்பாய்வும் 1991இல் வெளிவந்தன. சிவப்பணுக்கள் உடைந்து வெளிவரும் ஹீமோகுளோபின், தமனியைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடைப் பிடித்து உறிஞ்சிவிடுகிறது. அதோடு, தமனியை இறுக்கும் எண்டோதீலின் என்ற பொருளும் மிகுகிறது. எண்டோதீலினை ஜப்பானில் யானகிசாவாவின் குழுவினர் 1988இல்தான் கண்டுபிடித்து அறிவித்திருந்தார்கள். உடலில் உண்டாகும் பொருள்களில் தமனியை அவ்வளவு வலுவாகச் சுருக்கக்கூடியவை மிகச் சிலவே.

இப்படியாகச் சங்கிலி ஒன்று உருவானது. இரத்தக்கட்டி, அதிலிருந்து ஹீமோகுளோபின், அதனால் எண்டோதீலின், அதனால் சுருக்கம், அதனால் இரத்தக்குறை, முடிவில் மூளைத் திசுவின் இறப்பு. எண்டோதீலின் வந்து ஒட்டிச் செயல்படும் இடமான ஏற்பியை அடைக்கும் மருந்துதான் கிளாசோசென்டன். சங்கிலியின் நடுவளையத்தை அறுத்தால் கடைசி வளையம் தானே விழும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். கான்ஷியஸ்-1 முடிவு 2008இல் வந்தபோது நான் பயிற்சி மருத்துவர். அந்த ஆஞ்சியோகிராம் எண்களைப் பற்றி எங்கள் கருத்தரங்க அறையில் பேசிய மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

உயிர்ப்புள்ளியியலாளர்:

மருத்துவர் ஐயா நிறுத்திய இடத்திலிருந்து தொடர்கிறேன். மருந்துச் சோதனைகளை வடிவமைப்பதும் அலசுவதும்தான் என் தொழில்.

கான்ஷியஸ்-1இல் 413 நோயாளிகள் இருந்தார்கள். குழாயின் விட்டம் சுருங்குகிறதா என்பதை அளப்பதே அதன் நோக்கம். நோயாளி மூன்று மாதம் கழித்து எப்படி இருப்பார் என்பதை முடிவு செய்யும் அளவுக்கு அது பெரியதில்லை. அந்தக் கேள்விக்காக நடத்தப்பட்டது கான்ஷியஸ்-2. கிளிப் போடப்பட்ட 1,157 பேர் சேர்க்கப்பட்டார்கள். முடிவு 2011இல் வெளிவந்தது. சுருக்கம் தொடர்பான பாதிப்புகளையும் இறப்பையும் சேர்த்துக் கணக்கிட்ட முதன்மை அளவீடு, மருந்துப்போலிக் குழுவில் 25 விழுக்காடு, மருந்துக் குழுவில் 21 விழுக்காடு. இந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதால் ஏற்க முடியவில்லை. மோசமான நிலையில் முடிந்தவர்களின் பங்கோ, மருந்துப்போலிக் குழுவில் 25, மருந்துக் குழுவில் 29 என்று எதிர்த்திசையில் இருந்தது. சுருள் வைக்கப்பட்டவர்களுக்கான கான்ஷியஸ்-3 இதையடுத்துப் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. அதில் அதிக அளவு மருந்து பெற்றவர்களிடம் சுருக்கம் தொடர்பான பாதிப்பு 27இலிருந்து 15 விழுக்காடாகக் குறைந்திருந்தது. அங்கேயும் மொத்தத் தேறுதல் மேம்படவில்லை.

ஆசிரியை அவர்கள் கேட்ட "சங்கிலி எங்கே அறுந்தது" என்பதற்கு ஒற்றை விடை கிடையாது. மருந்து குருதியழுத்தத்தைக் குறைத்தது, நுரையீரலில் நீர் சேர்த்தது, இரத்தசோகையை உண்டாக்கியது. மூளைக்கு ஏற்கெனவே இரத்தம் போதாத நேரத்தில் இவை மூன்றும் தீங்கானவை. மேலும், மருந்துப்போலி பெற்றவர்களுக்குச் சுருக்கம் வந்தபோது மருத்துவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. அழுத்தத்தை உயர்த்தினார்கள், பலூன் வைத்துத் தமனியை விரித்தார்கள். இப்படி மீட்புச் சிகிச்சை அளிப்பது அறத்தின்படி கட்டாயம். ஆனால் இரு குழுக்களுக்கும் உள்ள இடைவெளியை அது சுருக்கிவிடுகிறது.

இவற்றைவிட அடிப்படையான காரணம் ஒன்று உண்டு. ஆஞ்சியோகிராமில் சுருக்கம் தெரிபவர்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர். அவர்களில் ஒரு பகுதியினருக்குத்தான் உடல்நிலை மோசமாகிறது. படத்தில் சுருக்கமே தெரியாத சிலருக்கும் மூளைத் திசு இறக்கிறது. ஆகவே படமும் பாதிப்பும் ஒன்றல்ல. 2010இல் பன்னாட்டு ஆய்வாளர் குழு ஒன்று, படத்தில் தெரியும் சுருக்கத்தையும் தாமதமாக வரும் மூளை இரத்தக்குறையையும் இனி தனித்தனியாகவே அளக்க வேண்டும், சோதனைகளின் இலக்காக மூளைத் திசு இறப்பையும் நோயாளியின் செயல்திறனையும் வைக்க வேண்டும் என்று வரையறுத்தது. அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் மெக்டொனால்டும் ஒருவர். தன் வாழ்நாள் உழைப்பின் அளவுகோலையே மாற்ற ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவர் என்பதால்தான் அவர்மேல் எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் தோற்ற சோதனைகள் பல. மக்னீசியத்தை 1,204 பேரிடம் சோதித்த முடிவு 2012இலும், சிம்வாஸ்டாட்டினை 803 பேரிடம் சோதித்த முடிவு 2014இலும் வந்தன. இரண்டும் பயன் தரவில்லை. மெக்டொனால்டும் உடன் பணியாற்றியவர்களும் இதுபோன்ற பழைய சோதனைகளின் தரவுகளையும் மருத்துவமனைப் பதிவேடுகளையும் கேட்டுப் பெற்று, சாஹிட் என்ற பெயரில் ஒரே தொகுப்பாக்கினார்கள். 10,936 நோயாளிகளின் தரவிலிருந்து, வயது, முதல் நாள் நினைவுநிலை, குமிழின் இடமும் அளவும் போன்றவற்றைக் கொண்டு தேறும் வாய்ப்பைக் கணிக்கும் முறை 2018இல் வெளிவந்தது. தோற்ற சோதனையில் பங்கேற்ற நோயாளியின் தரவு அலமாரியில் தூங்காமல் அடுத்தவருக்குப் பயன்பட்டது இங்கேதான்.

தீவிர சிகிச்சைச் செவிலியர்:

சகோதரி, உங்கள் பதிவைப் படித்ததும் என் பணி நாள்கள் கண்முன் வந்தன. பதினாறு ஆண்டுகளாக நரம்பியல் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறேன். அறுவைக்குப் பிறகு நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவரைத்தான் நாங்கள் மிகவும் கவனமாகப் பார்க்கிறோம். ஒவ்வொரு மணி நேரமும் பெயர், இடம், நாள் கேட்கிறோம், இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி ஒரு கை மெல்லத் தாழ்கிறதா என்று பார்க்கிறோம், கண்மணிகளில் விளக்கடிக்கிறோம். இரவில் எழுப்பித் தொல்லை செய்கிறார்கள் என்று உறவினர்கள் வருந்துவது எங்களுக்குத் தெரியும். "நேற்றுவரை நன்றாகச் சிரித்தார், இன்று ஏனோ மந்தமாக இருக்கிறார்" என்று ஒரு மகளோ மகனோ சொன்னால், அதைக் கருவிகள் காட்டும் எண்ணுக்கு நிகராக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இளைய செவிலியர்களுக்குச் சொல்லிவருகிறேன்.

உங்கள் அம்மாவுக்கு நிமோடிபின் மாத்திரை கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 60 மில்லிகிராம், 21 நாள்களுக்கு, நள்ளிரவானாலும் தவறாமல். பிரிட்டனில் 554 நோயாளிகளிடம் நடந்து 1989இல் வெளிவந்த சோதனையில், மூளைத் திசு இறப்பு 33இலிருந்து 22 விழுக்காடாகவும், மோசமான முடிவு 33இலிருந்து 20 விழுக்காடாகவும் குறைந்தது. நான் பயிற்சியில் இருந்தபோது இது தமனியை விரிக்கும் மருந்து என்றே சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் ஆஞ்சியோகிராமில் அது தமனியைக் குறிப்பிடத்தக்க அளவு விரிப்பதில்லை என்று எங்கள் மூத்த மருத்துவர் ஒருமுறை விளக்கினார். இது எப்படி என்று மருத்துவர் ஐயா சொல்ல முடியுமா? குழாயை விரிக்காத மருந்து பயன் தருகிறது, விரித்த மருந்து பயன் தரவில்லை என்பது எனக்கும் புரியாத புதிராகவே இருக்கிறது.

இயற்பியல் ஆசிரியை:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நிமோடிபின் கொடுத்தார்கள், நள்ளிரவு இரண்டு மணிக்கும் வந்து கொடுத்த அந்தச் செவிலியரின் முகம் எனக்கு மறக்கவில்லை. செவிலியர் அம்மாவின் கேள்வியே என் கேள்வியும். அதோடு, கட்டியை 48 மணி நேரத்துக்குள் அகற்றினால் குரங்குகளுக்குச் சுருக்கம் வரவில்லை என்று எழுதினீர்களே, அதை ஏன் மனிதர்களுக்குச் செய்வதில்லை?

நரம்பு அறுவை மருத்துவர்:

முதலில் நிமோடிபின். பெரிய தமனிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதுதான் இன்று நாங்கள் உணர்ந்திருக்கும் குறை. ஆஞ்சியோகிராமில் தெரியாத நுண்குழாய்களில் சிறுசிறு உறைகட்டிகள் உண்டாகின்றன. இன்னொன்று, மூளையின் மேலடுக்கான புறணியில் மின்னணைவு, அதாவது நரம்பணுக்களின் மின்செயல் அடங்கிப்போவது, ஓர் அலையாகப் பரவுவது. 1944இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர் அரிஸ்டிடிஸ் லெயாவ் முயல்களில் கண்டு எழுதிய இந்த அலையை, பெர்லினைச் சேர்ந்த யென்ஸ் டிரையரும் அவரோடு இணைந்தவர்களும், அறுவையின்போது மூளையின் மேற்பரப்பில் மின்முனைப் பட்டைகளை வைத்து, குமிழ் வெடித்த நோயாளிகளிடமே பதிவு செய்தார்கள். நலமான மூளையில் இந்த அலை கடக்கும்போது இரத்த ஓட்டம் கூடி ஈடுகட்டுகிறது. இரத்தம் சூழ்ந்த மூளையில் ஓட்டம் கூடுவதற்கு மாறாகக் குறைந்துவிடக்கூடும். நிமோடிபின் இந்த அலைகளின் தீங்கையும் நுண்கட்டிகளையும் குறைப்பதால் பயன் தருகிறது என்று கருதப்படுகிறது, முற்றாக நிறுவப்படவில்லை.

அந்த நிமோடிபினையே மூளை நீர்க்குழிக்குள் நேரடியாகச் செலுத்தினால் குருதியழுத்தம் விழாமல் அதிக அளவு கொடுக்கலாம் என்பது மெக்டொனால்டின் அடுத்த முயற்சி. மெல்லக் கரையும் நுண்துகள்களாக அதைச் செய்தார்கள். அதற்காக ஒரு நிறுவனத்தை அவரே சேர்ந்து தொடங்கினார். நியூட்டன்-2 என்ற சோதனையில் முதல் 210 பேரின் முடிவுகளைப் பார்த்தபோது வெற்றிக்கு வாய்ப்பு மிகக் குறைவு என்று தெரிந்ததால் 2018இல் நிறுத்தினார்கள். ஆய்வாளரே நிறுவனத்தில் பங்குடையவராக இருக்கும்போது முடிவுகளைக் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும் என்பது என் கருத்து. இங்கே இடைக்கால முடிவு சொன்னபடி சோதனை நிறுத்தப்பட்டது என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

கிளாசோசென்டனின் கதையும் முடிந்துவிடவில்லை. ஜப்பானில் 2022 ஜனவரியில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. அங்கே கிளிப் போட்டவர்களுக்கும் சுருள் வைத்தவர்களுக்கும் தனித்தனியாக நடந்த இரண்டு சோதனைகளும் தம் இலக்கை எட்டியிருந்தன. அந்நாட்டில் நிமோடிபின் வழக்கத்தில் இல்லை என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். பல நாடுகளில் நடந்த ரியாக்ட் என்ற பிற்காலச் சோதனை இலக்கை எட்டவில்லை என்று 2023இல் அறிவித்தார்கள்.

இப்போது கட்டியை அகற்றுவது. மனித மூளையின் அடிப்பகுதியில் கட்டி நுண்தமனிகளோடும் நரம்புகளோடும் ஒட்டிக்கொண்டிருக்கும். கிளிப் போடும்போது கைக்கு எட்டியதைக் கழுவி உறிஞ்சுகிறோம். எல்லாவற்றையும் எடுக்கப் போனால் எடுப்பதே காயமாகிவிடும். சுருள் வைக்கும் சிகிச்சையில் மண்டையைத் திறப்பதே இல்லை. ஆனால் வேறொரு வழி இருக்கிறது. இடுப்பில், தண்டுவட நீர்ப்பையில் மெல்லிய குழாய் வைத்து, இரத்தம் கலந்த நீரைச் சில நாள்களுக்கு மெல்ல வடிப்பது. ஏர்லிடிரெயின் என்ற சோதனையில் 287 நோயாளிகளிடம் இதைச் செய்துபார்த்தார்கள். 2023இல் வெளிவந்த முடிவின்படி, ஆறு மாதம் கழித்து மோசமான நிலையில் இருந்தவர்கள், வடிகுழாய் வைத்த குழுவில் 32.6 விழுக்காடு, வைக்காத குழுவில் 44.8 விழுக்காடு. எட்மன்டனின் குரங்குகளிடம் கண்டது வேறொரு பாதையில் நோயாளியின் படுக்கைக்கு வந்திருக்கிறது என்றே இதை நான் படிக்கிறேன். எல்லோருக்கும் இது பொருந்தாது. மூளைக்குள் அழுத்தம் கூடியிருக்கும்போது இடுப்பில் நீரை வடித்தால் மூளை கீழே இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

உங்கள் அம்மாவுக்கு இது செய்யப்பட்டிருந்தால் என்று நீங்கள் நினைப்பீர்கள். அவருக்கு நோய் வந்தபோது இந்த முடிவு வெளிவந்திருந்ததா, அவருடைய மூளையின் நிலை அதற்கு இடம் கொடுத்ததா என்பதைப் படங்களும் குறிப்புகளும் இல்லாமல் என்னால் சொல்ல இயலாது. அவற்றின் நகல் உங்களிடம் இருந்தால், அருகில் உள்ள நரம்பு அறுவை மருத்துவர் ஒருவரிடம் எடுத்துச் சென்று, இதே கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். பேச்சுப் பயிற்சியை மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன என்று நிறுத்தியிருந்தால், மீண்டும் தொடங்குவது பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள். தாமதமாகத் தொடங்கியும் சொற்கள் கூடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.